தாம்பரமா, அம்பத்தூரா?

சென்ற புரட்டாசியில் ஒருநாள் மாலை, மேற்கு மாம்பலத்தில் தான் குடியிருக்கும் வாடகை வீட்டின் கூடத்தில் இரண்டு வீடுகளின் வரைபடங்களை என்முன் விரித்துவைத்து, "மாமா, ஒன்று தாம்பரத்தில் இருக்கிறது, மற்றொன்று அம்பத்தூரில் இருக்கிறது, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, எதை வாங்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று என் தங்கை மகள் கேட்டபோது, நான் சற்றும் யோசியாமல் தாம்பரம் என்று சொல்லிவிட்டேன். அவ்வாறு சொன்னதற்கு அந்த வீட்டைப் பற்றிய அறிவு காரணமன்று. இளமையில் கிறிஸ்தவக் கல்லூரியின் மரநிழலில் மூன்று ஆண்டுகள் நடந்து திரிந்த நினைவே காரணம். அவள் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நீங்கள் படித்த காலத்துத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருக்கப் போவதில்லையே, மாமா" என்றாள். அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. இருபது ஆண்டுகள் கடன் கட்டப்போகிற ஒரு குடும்பத்துக்கு, என் நினைவுகளை ஆலோசனையாகக் கொடுப்பது நியாயமாகாது என்று உணர்ந்து, இரண்டு ஊர்களையும் புதியவனைப் போல நடந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

குடும்பத்தின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்க்கிறாள். அவள் கணவருக்கு எழும்பூரில் அலுவலகம். மூத்தவள் நான்காம் வகுப்பு. இளையவனுக்கு நான்கு வயது. எழுபத்து நான்கு வயதான மாமனார் மூச்சிரைப்பு உள்ளவர். மார்கழிப் பனியில் மிகவும் சிரமப்படுகிறவர். கணவரின் தமையனார் சேலையூரில் குடியிருப்பதால், அந்தப் பக்கம் போய்விட்டால் ஒருவருக்கொருவர் ஆதரவாக இருக்கலாம் என்பது அந்த வீட்டில் பல நாட்களாக நிலவிய எண்ணம்.

சென்னைக்குத் தெற்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக அமைந்த இவ்விரண்டு ஊர்களும் இருப்புப்பாதையால் வளர்ந்தவை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட பாதை அம்பத்தூரின் வழியாகத்தான் சென்றது. தாம்பரமோ, 1931-ல் கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகே நகரத்தோடு நெருங்கிய உறவு கொண்டது. அதற்கு முன்பே, 1928-ல், காசநோயாளிகளுக்கு உலர்ந்த நல்ல காற்று அவசியம் என்று கருதிய டாக்டர் சௌரி முத்து, இங்கிலாந்திலிருந்து திரும்பிவந்து அங்கே ஆரோக்கிய நிலையம் ஒன்றை அமைத்திருந்தார்; இன்றும் ஒரு ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம் என்று வழங்குகிறது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டு நீங்கி, ஏறத்தாழ 365 ஏக்கர் புதர்க்காட்டுக்குள் குடிபுகுந்தது. ஆகவே, உடல்நலத்தையும் படிப்பையும் நாடி வந்தவர்களால் வளர்ந்த ஊர் தாம்பரம் என்று சொல்லலாம்.

அம்பத்தூரை வளர்த்தது உழைப்பு. நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் அங்கே சைக்கிள் தொழிற்சாலை வந்தது. அண்டை ஊரான ஆவடியில் 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. பின்னர் அந்த ஆவடியிலேயே ராணுவத்துக்கு டாங்கிகள் செய்யும் ஆலையும், 1964-ல் அம்பத்தூரில் சிறுதொழிற்பேட்டையும் எழுந்தன. லேத் பட்டறையிலும் வார்ப்படச் சாலையிலும் முப்பது ஆண்டுகள் நின்று வேலை செய்தவர்கள், வருங்கால வைப்பு நிதியையும் மனைவியின் நகையையும் சேர்த்து வாங்கிய அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு மனைகளில் கட்டிய சிறு வீடுகளே இன்றும் அங்கே தெருத்தெருவாக நிற்கின்றன. வாசலில் முருங்கையும், பின்கட்டில் துவைகல்லும், மாடிப்படியின் கீழ் பழைய சைக்கிளுமாக இருக்கும் அந்தத் தெருக்களில் நடந்தபோது, நான் எதிர்பாராத ஒரு மதிப்பு அவ்வூரின்மீது எனக்கு உண்டாயிற்று. ஒருவர் வீட்டுக் குழாய் உடைந்தால், சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் வருகிற தெருக்கள் அவை.

வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வெயில் நன்றாக அடிக்கும் நாளில், தரகருடன் காரில் போகிறார்கள். அன்று எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். நான் ஐப்பசி பிறக்கும்வரை காத்திருந்து, இரண்டு நாள் விடாமல் மழை பெய்த பிறகு, ஒரு குடையுடன் புறப்பட்டேன். சென்னையைச் சுற்றியுள்ள இந்தப் பிரதேசம் முழுவதும் ஏரிகளின் நாடு என்பதை நம்முடைய ஊர்ப்பெயர்களே பறைசாற்றிக்கொண்டிருக்கின்றன. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல் நிலையத்தில் தினந்தோறும் ரயிலேறும் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு அந்தப் பெயரின் பொருள் மறந்துபோயிருக்கலாமே தவிர, மழைநீருக்குத் தன் பழைய வழி மறப்பதில்லை. ஏரிக்கரைத் தெரு, மதகடித் தெரு, கலங்கல் என்பன போன்ற பெயர்களை ஓர் இடத்தில் கேட்டால், அந்த மனை கரைக்கு மேலே இருக்கிறதா, கரைக்குக் கீழே பழைய ஆயக்கட்டு வயலில் இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஓரடிகூட முன்வைக்கலாகாது.

தாம்பரம் என்ற ஒரே பெயரின்கீழ், தண்ணீர் விஷயத்தில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய இருபத்து நான்கு மணி நேரத்தில் அங்கே 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இருப்புப்பாதைக்கு மேற்கே, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளம் முழுகியது; ஜனங்கள் படகுகளில் மீட்கப்பட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்த வெள்ளம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றோடு கலக்கும் இடம் அதற்குக் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில் இருக்கிறது. முடிச்சூரை முழுகச் செய்தது, ஆதனூர், மணிமங்கலம் முதலான மேற்புறத்து ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாற்றின் குறுகிய தலைப்பகுதியில் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்த நீர். இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: பெரிய ஏரியின் மதகை அதிகாரிகள் ஜாக்கிரதையாகத் திறந்தால் போதும், நமக்கு அபாயம் இல்லை என்று நம்பி அங்கே வீடு வாங்குகிறவர்கள், யாரும் மதகைத் திறக்காமலே தானாகக் கலங்கல் வழியும் சிற்றேரிகளின் சங்கிலியை மறந்துவிடுகிறார்கள்.

கிழக்கே சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் எல்லாமே ஏரியூர்கள்தாம். சிட்லபாக்கத்தில் 2019-ஆம் ஆண்டுக் கோடையில், ஊர்க்காரர்களே மண்வெட்டியும் கூடையுமாக வறண்ட ஏரிக்குள் இறங்கிக் குப்பையை வாரத் தொடங்கினார்கள். அவர்கள் பிரயாசையைக் கண்ட பிறகே அரசாங்கமும் சீரமைப்புக்கு முன்வந்தது. ஓர் ஊரில் குடியேறலாமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல அத்தாட்சி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அம்பத்தூருக்கும் இந்தக் கவலை இல்லாமலில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் மாதவரம் இரட்டை ஏரிக்கும் நீர் போகும்படி முன்னோர் அமைத்த வழியில், சாக்கடை நீரும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து, கொரட்டூர் மக்கள் தங்கள் ஏரியைக் காக்கப் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் போக வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டையிலும் கொரட்டூரிலும் நாள்கணக்கில் நீர் தேங்கி நின்றது. ஆகவே இந்த ஊர் மேடு, அந்த ஊர் பள்ளம் என்று பொதுப்படச் சொல்வதற்கு இடமில்லை. தெருவுக்குத் தெரு நிலைமை மாறுகிறது.

தெருவின் உண்மையை யாரிடம் கேட்பது? விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை. அண்டை வீட்டாரும் தம் வீட்டின் விலை குறைந்துவிடும் என்ற அச்சத்தால் சில சமயம் மறைப்பதுண்டு. நான் மளிகைக் கடைக்குப் போனேன். பார்த்து வைத்திருந்த தாம்பரத்து வீடு பாதைக்கு மேற்கே உள்ள ஒரு தெருவில் இருந்தது. அந்தத் தெருமுனைக் கடையில் அரிசி மூட்டைகள் எல்லாம் இரண்டரை அடி உயரச் சிமெண்டு மேடையின்மீது அடுக்கப்பட்டிருந்தன. கடைக்காரரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை; அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன். அம்பத்தூரில், செங்குன்றம் சாலைப் பக்கத்தில் பார்த்த வீட்டின் தெருவில் மூட்டைகள் தரையிலேயே சாத்தப்பட்டிருந்தன. அங்கே இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர், தமது வண்டியை இருபது ஆண்டுகளாக மழைக்காலத்தில்கூட இடம் மாற்றியதில்லை என்றும், ஆனால் இரண்டு தெரு தள்ளிக் கிழக்கே முழங்கால் அளவு நீர் நிற்கும் என்றும் சொன்னார். சுவரில் வெள்ளம் நின்ற கோட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் பொங்கலுக்கு முன்பே போய்ப் பார்த்துவிட வேண்டும். நம்மவர்கள் மார்கழியில் நல்ல காரியம் செய்வதில்லை என்று நிறுத்திவைத்து, தை பிறந்ததும் பத்திரப்பதிவுக்கு ஓடுகிறார்கள். அதற்குள் போகிக்கு அடித்த வெள்ளை, கார்த்திகையின் கோட்டை மூடிவிடுகிறது.

நிர்வாக விஷயத்தை நீட்டி எழுத வேண்டியதில்லை. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் பகுதி. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளை இணைத்து 2021-ல் தனி மாநகராட்சியாயிற்று. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வந்துவிட்டனவா, வரப்போகின்றனவா? வரப்போகிற குழாயும் வரப்போகிற மெட்ரோ ரயிலும் விலையில் இன்றே சேர்க்கப்பட்டுவிடுகின்றன. சித்திரை வெயிலில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் துன்பம் எந்த விளம்பரத்திலும் சேர்க்கப்படுவதில்லை.

பத்திரங்களைப் பற்றி மட்டும் என் சொந்த அனுபவத்தால் சிறிது வருத்தத்துடனே எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நண்பர்கள் சொன்னார்கள் என்பதற்காக, அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவு ஒன்றில் நான் ஒரு மனை வாங்கினேன். விற்றவர் காட்டிய படத்தில் பூங்கா இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. புல எண்ணைத் தாலுகா அலுவலகத்தில் ஒத்துப் பார்த்தபோது, மனையின் ஒரு பகுதி ஏரிப் புறம்போக்கில் விழுந்தது. அந்த இழப்பை என் மனைவி ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. அதனாலேயே அது இன்றும் வலிக்கிறது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அவ்வாண்டு அக்டோபர் 20 வரையில் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அடுத்த ஆண்டு விதிகள் வந்ததும் எல்லோரும் அறிந்தவை. தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரையில் சங்கிலி அறாமல் இருக்கிறதா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் அடமானம் எதுவும் தீராமல் நிற்கிறதா, பட்டா விற்கிறவர் பெயரில் மாறியிருக்கிறதா, அடுக்குமாடியானால் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு உண்டா என்பவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து எழுத்துமூலமாக அபிப்பிராயம் பெறுவது அவசியம். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2 என்று ஆக 9 விழுக்காடு போகிறது. அறுபது லட்சம் ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். இந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்கிற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

மேற்குத் தாம்பரத்து வீட்டை மளிகைக் கடை விலக்கிவிட்டது. ஆனால் தாம்பரம் என்ற யோசனை அதனால் விலகவில்லை. கிழக்கே சேலையூர்ப் பக்கம், மேடான தெருவில், அதே விலைக்குச் சற்றுச் சிறிய வீடு ஒன்றைக் கணவரின் தமையனார் கண்டுபிடித்துக் கொடுத்தார். காற்று நல்ல காற்று. பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில். மாமனாரின் மூச்சிரைப்புக்குச் சானடோரியத்து மார்பு நோய் ஆஸ்பத்திரி பக்கத்தில். எழும்பூருக்கு முக்கால் மணி நேரத்தில், வண்டி மாறாமல், மின்சார ரயில். இத்தனை சௌகரியங்களும் ஒருங்கே அமைந்த பிறகு வேறென்ன யோசனை என்றுதான் நானும் எண்ணினேன்.

எஞ்சியிருந்தது என் தங்கை மகளின் பிரயாணம். அதையும் பிரத்தியட்சமாகப் பார்த்துவிடலாம் என்று, ஒரு திங்கட்கிழமை அவளைக் குடும்பத்துடன் முதல்நாள் இரவே சேலையூரில் தங்கச் சொல்லி, விடியற்காலையில் நானும் உடன் புறப்பட்டேன். ஆறரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஷேர் ஆட்டோவில் தாம்பரம் நிலையம் வந்து, நின்றுகொண்டே பார்க் நிலையம் வரையில் போய், சாலையைக் கடந்து மூர் மார்க்கெட் நிலையத்தில் ஆவடி வண்டிக்குக் காத்திருந்து, பட்டரவாக்கத்தில் இறங்கி, மறுபடியும் ஆட்டோ ஏறி அவள் தன் தொழிற்சாலை வாசலை அடைந்தபோது மணி எட்டு ஐம்பது. புறவழிச்சாலையில் பஸ்ஸில் போனாலும் நேரம் அதிகம் குறைவதில்லை என்று அவளுடன் வேலை பார்க்கும் பெருங்களத்தூர்ப் பெண் சொன்னாள். மாலையில் அவள் சேலையூருக்குத் திரும்பியபோது எட்டேகால். சிறியவன் சாப்பிட்டுத் தூங்கிவிட்டிருந்தான். பெரியவள் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தாள்.

அன்றிரவு கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அதுவரையில் எதுவும் சொல்லாதிருந்த மாமனார் என்னைப் பார்த்து, "சம்பந்தி, அந்த ஆஸ்பத்திரிக்கு நான் மாதம் ஒரு தடவை போவேன். அம்பத்தூரிலிருந்தும் போகலாம், பிள்ளை கூட்டிக்கொண்டு போவான். இந்தக் குழந்தை தினமும் அம்மாவைத் தேடுகிறதே" என்றார். தம் மூத்த மகன் பக்கத்தில் வாழும் ஆசையை அந்தப் பெரியவர் ஒரு வாக்கியத்தில் விட்டுக்கொடுத்ததைக் கண்டு, எனக்குப் பேச்சு எழவில்லை.

குடும்பங்கள் வசிக்கத் தக்க ஊர் என்பதற்கு இன்று விளம்பரங்கள் கூறும் இலட்சணங்கள் பல: நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், குழந்தைகள் விளையாடச் செயற்கைப் புல்வெளி. அவற்றை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் விளக்கேற்றும் நேரத்தில் தாயோ தந்தையோ ஒருவராவது வீட்டில் இருக்க முடியாத தூரத்தில் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் வைத்தால், அந்தப் புல்வெளியில் குழந்தைகள் யாருடைய கண்பார்வையில் விளையாடுவார்கள்? செங்குன்றம் சாலைப் பக்கத்து வீட்டிலிருந்து தொழிற்பேட்டைக்கு அவளுக்கு அரைமணி நேரம். ஆறேகால் மணிக்கு வீடு திரும்பிவிடலாம். கணவருக்கு அம்பத்தூர் நிலையத்திலிருந்து சென்ட்ரல் வரையில் ரயில், அங்கிருந்து எழும்பூர் அருகில். லாரிகளால் நெரியும் திருவள்ளூர் நெடுஞ்சாலையும், காற்று வீசும் திசை மாறினால் வரும் ஆலைப் புகையும் அங்கே குறைகள்தாம். பெரியவருக்கு மார்கழியில் சிரமம் சற்றுக் கூடத்தான் செய்யும். அவருடைய அறையைத் தெற்கே பார்த்துத் தொழிற்பேட்டைப் பக்கம் திறக்கும் அறையாக வைக்காமல், கிழக்கு அறையாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

இதே கேள்வியைக் கிண்டியிலோ மீனம்பாக்கத்திலோ வேலை பார்க்கும் தம்பதிகள் கேட்டிருந்தால், கிழக்குத் தாம்பரத்தை விட்டு வேறிடம் போகாதீர்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். இந்தக் குடும்பத்துக்கு அம்பத்தூர்தான் என்பது என் தீர்ப்பு. தை மாதம் பத்திரம் பதிவாயிற்று, வைகாசியில் கிருகப்பிரவேசம்.

முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வாரம் எந்த வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு மழைக்காலம் பொறுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் அந்தத் தெருவுக்குப் போய் நில்லுங்கள். ஒரு திங்கட்கிழமை அந்த வீட்டு வாசலிலிருந்து உங்கள் அலுவலகத்துக்குப் போய், மாலையில் அங்கேயே திரும்பி வாருங்கள். அதன் பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.